மஞ்சள் பேட்ஜ்

டேங்கருக்கு மஞ்சள் பேட்ஜ் கொடுத்திருந்தார்கள்.

மஞ்சள் என்றால் சின்ன குண்டு. நீலம் நடுத்தர குண்டு. சிவப்பு பெரிய குண்டு. குண்டாக இருப்பவர்கள் கூடிப் பேசுகிற இந்தக் கூட்டத்தில் குண்டு என்பது திட்டு இல்லையாம். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற பெயராம்.

அதெல்லாம் இருக்கட்டும். அந்த 'சின்ன'தான் அவருக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

காலமெல்லாம் தண்ணீர் லாரி ஓட்டியவர். டேங்கர் என்று பெயர் வைத்தது லாரியைப் பார்த்தா, வயிற்றைப் பார்த்தா என்று அவருக்கே சந்தேகம் உண்டு. நாலு தெருவுக்குத் தெரிந்த வயிற்றை இங்கே வந்து சின்னது என்று சொல்லக் கேட்க வேண்டுமா?

அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் மனைவி உள்ளே போய் இரண்டு பேருக்கும் பேட்ஜ் வாங்கி வைத்திருந்தாள். அவளுக்குச் சிவப்பு. மஞ்சளை அவர் சட்டையில் தானே குத்திவிட்டு, கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே கைப்பிடி இல்லாத அகலமான பெஞ்சுகள்.

நிறத்துக்கு ஒரு வட்டமாம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால் சின்ன குண்டுகளே பேசித் தீர்த்துவிடுகிறார்கள், பெரிய குண்டுகளுக்கு வாய் திறக்க இடம் இல்லை என்று, கூட்டம் நடத்துகிற கண்ணாடிக்காரப் பெண் விளக்கினாள்.

டேங்கர் நம்பவில்லை. எடைபோடுகிற எந்திரத்தையே நம்பாதவர். முட்டையைத்தான் இப்படிச் சின்னது பெரியது என்று பிரித்து அடுக்குவார்கள்.

அவருடைய கவலை வேறு. மனைவி வாயில்லாப் பூச்சி. டாக்டர் கேட்டாலும் துணிக்கடைக்காரன் கேட்டாலும் அவளுக்குப் பதில் சொல்வது இவர்தான். யாராவது அவளை ஒரு மாதிரி பார்த்தால் சண்டைக்குப் போவதும் இவர்தான். இவர் பக்கத்தில் இல்லாமல் அவள் அங்கே என்ன செய்வாள்?

"நானும் பெரிய குண்டுதாம்மா. வயித்தப் பாரு" என்று கண்ணாடிக்காரியிடம் வழக்குக்கு நின்றார்.

"கை வச்ச நாற்காலியில உக்காந்தா இடிக்குமா ஐயா?"

"இடிக்கிறதா? மாட்டிக்கும்!"

உட்கார்ந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாழாய்ப்போன உடம்பு, அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

போட்டோ எடுக்கும்போதெல்லாம் வயிற்றை எக்கியே பழகிய மனிதர், முதல் தடவையாக மூச்சைப் பிடித்து வயிற்றை வெளியே தள்ளினார். தொடைகளை அகட்டினார். பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி உள்ளே இறக்கினார்.

எழுந்தார். நாற்காலியும் எழுந்தது.

மஞ்சள்காரர்கள் கைதட்டினார்கள். முன்னால் வயிறு, பின்னால் நாற்காலி. ஜெயித்த பயில்வான் மாதிரி டேங்கர் சிவப்பு வட்டத்தை நோக்கி நடந்தார்.

பாதி தூரத்தில் மனைவியின் குரல் கேட்டது. அவள் இவ்வளவு உரக்கப் பேசி அவர் கேட்டதே இல்லை.

பஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவருடைய கதை. நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் அவர் சொல்லுகிற கதை. இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லி எவனோ அவளைக் கிண்டல் பண்ணியதும், இவர் பஸ்ஸையே நிறுத்தவைத்து அவனை மன்னிப்புக் கேட்க வைத்ததும்.

"அந்தாளு சொன்னது எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. நானும் நல்லதா ஒரு பதில் வச்சிருந்தேன். வாயத் தொறக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு கத்துனாரு பாருங்க, மொத்த பஸ்ஸும் திரும்பி என் இடுப்பப் பாத்துச்சு."

பெஞ்சுகள் குலுங்கின. "என்ன பதில் வச்சிருந்தீங்கக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நாற்காலியின் கால் ஒரு மேஜையில் டமாரென்று மோதியது.

மொத்தக் கூடமும் திரும்பி டேங்கரின் இடுப்பைப் பார்த்தது.

கண்ணாடிக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிவந்து சிவப்பு பேட்ஜ் ஒன்றை நீட்டினாள். அவர் கையும் நீண்டது.

"அவருக்கு மஞ்சளே இருக்கட்டும் கண்ணு" என்றாள் மனைவி. "நான்தான் கேட்டு வாங்குனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. காப்பிக்கு இந்தச் சர்க்கரை போதும் என்கிற மாதிரி சொன்னாள்.

டேங்கர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

திரும்பி நடந்தார். நாற்காலியும் நடந்தது. மஞ்சள் வட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். கழற்றிவிட வந்தவர்களிடம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அந்தக் கோடியில் மனைவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அப்புறம் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

என்ன பதில் என்று போய்க் கேட்டுவிடாமல் இருக்க, டேங்கர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.