மாதா ஒட்டிய மூட்டு

தகரக் கொட்டகைக்குள் மத்தியான வெயில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. செங்கல் அடுக்குகளின் மேல், ரெக்சன் சொந்தமாகக் கட்டுகிற ஸ்போர்ட்ஸ் காரின் இரும்புச் சட்டம் சிவப்புப் பெயிண்டில் மினுங்குகிறது. அதை வரைந்து கொடுத்த தங்கை ஸ்டெபி, முன்பக்கத்து இடது மூலைக்கு ஜாக்கி வைத்துத் தூக்குகிறாள். சட்டம் விறைப்பாக இருந்தால் வலது மூலையும் கூடவே எழும்ப வேண்டும். இடது மட்டும் ஏறுகிறது. வலது செங்கலை விட்டு அசையவில்லை. நடுவில் எங்கோ இரும்பு முனகுகிறது. சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே சாய்த்துப் போட்ட குழாயைத் தடவிக்கொண்டே போகிறாள். அதன் மூட்டில், மீன்பிடி வள்ளத்தின் முகப்பில் ஒட்டுவதைப் போல, பனிமய மாதா ஸ்டிக்கர். பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுகிறாள். பெயிண்ட் தோலாக உரிகிறது. அடியில் கெட்டிப்படாத பட்டிப் பசை, துருநீரோடு சீழ் மாதிரிப் பிதுங்குகிறது. அதற்குள் பற்ற வைக்காமலே திணித்த வெல்டிங் ராடு துண்டுகள். விரலில் ஒட்டியதை அந்தச் சட்டத்திலேயே அழுத்தித் துடைக்கிறாள்.

“குழாயை அரை இஞ்சு குட்டையா அறுத்துட்டேன்ளா. அதான் பட்டி வச்சு அடைச்சேன்,” என்கிறான் ரெக்சன், டீ கிளாஸை ஆட்டியபடி. “பெயிண்டுக்கு அடியில எவன் பாக்கப் போறான்? மாதா பாத்துக்கிடுவா. வண்டி ரெடியானதும் மொத ரவுண்டு உன்னையத்தான் கூட்டிட்டுப் போவேன்.”

ஸ்டெபி நகத்தால் ஸ்டிக்கரைக் கிழியாமல் உரிக்கிறாள். தன் வரைபட நோட்டின் அட்டையில் ஒட்டி, உள்ளங்கையால் நீவுகிறாள்.

“நானும் வரல, மாதாவும் வரல. நீ மட்டும் போ.”