படகில் வந்த ஆள்

படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பிய பிறகுதான் பாயில் கை வைக்க வேண்டும்.

இதுகூடத் தெரியாதவன் கடலில் வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? திருப்பினேன். டக் தலையாட்டினார்.

டக் பல் வைத்தியர். நான் பாத்திரம் கழுவும் இந்த ஏரிக்கரைப் படகுக் கிளப்பில் அவர் பழைய மெம்பர். அவரோடு வழக்கமாகப் போட்டிக்குப் போகும் ஆள் கணுக்காலை உடைத்துக்கொண்டதால் இன்றைய ஓட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்.

போன வருடம் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் மூடுபனிக்குள் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த தமிழர்களில் நானும் ஒருவன் என்பது கிளப் முழுக்கத் தெரியும். நான்தான் சொன்னேன். கேட்டவர்களுக்கெல்லாம் பனியைச் சொன்னேன், குளிரைச் சொன்னேன், ஒருநாள் உற்சாகம் கூடிப்போய் ஒரு திமிங்கிலத்தையும் சேர்த்துவிட்டேன்.

உண்மையில் நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் புகையிலைத் தோட்டக்காரன். நயினாதீவுத் திருவிழாவுக்கு லோஞ்சுப் படகில் போனபோது பார்த்த கடல்தான் எனக்குத் தெரிந்த கடல். அதிலும் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்தது பிளேனில்.

ஆனாலும் எனக்குப் பயமில்லை. பார்க்டேல் நூலகத்தில் சிறுவர்களுக்கான படகுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. ஆங்கிலம் குறைவு, படம் அதிகம். எனக்கென்றே எழுதியது போல இருந்தது. நாங்கள் ஐந்து பேர் படுக்கும் அறையின் நடுவே வீடு கூட்டும் தும்புத்தடியை நிறுத்தி, நான் உடுக்கும் சாரத்தைப் பாயாக ஏற்றி ஒரு கிழமை பழகினேன்.

மற்றவர்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். பஸ்ரியன் மட்டும் சாரம் மேலே ஏறியதும் எழும்பி வெளியே போய்விடுவான்.

பஸ்ரியன் என்னோடுதான் கிளப் குசினியில் வேலை. "சிறியண்ணை, தண்ணி குளிரும். மாத்துடுப்பு எடுத்தனீங்களோ?" என்று காலையில் கேட்டான். அவ்வளவுதான். இப்போது குசினிப் பின்கதவடியில், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான்.

மெல்லிய சட்டங்களைப் பாயின் பைகளுக்குள் செருகினேன். பாயின் அடியோரத்தைக் குறுக்குத் தடியின் பள்ளத்துக்குள் விட்டு, மூலையை இழுத்துக் கட்டினேன்.

டக் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கயிறு மாறினாலும் என் கதை கந்தல். அதற்குப் பிறகு அவர்கள் வேறு கேள்விகள் கேட்கத் தொடங்குவார்கள். ஆகவே மாறவிடுவதாக இல்லை.

ஏற்றும் கயிற்றை இழுத்தேன். கிணற்றுத் துலா இழுத்த கைக்கு இது ஒரு பாரமா? பாய் சரசரவென்று மரத்தில் ஏறி உச்சியில் போய் நின்று படபடத்தது. பக்கத்துப் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கே என்னில் ஒரு மரியாதை வந்தது.

இனி ஒன்றுதான் மிச்சம். பாயைப் பிடிக்கும் கயிறு கப்பியை விட்டு உருவிப் போகாமல் நுனியில் ஒரு முடிச்சு. புத்தகத்தில் எட்டு மாதிரிப் படம் போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எட்டு எந்தப் பக்கத்தால் வளைகிறது என்பது மறந்துபோனது. கை தன்பாட்டில் புகையிலைச் சிப்பம் கட்டும் முடிச்சைப் போட்டது.

டக் குனிந்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இது உங்கள் ஊர்க் கடல் முடிச்சா?"

"பரம்பரை முடிச்சு," என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "பஸ்ரியன், அடுத்த கிழமை நீயும் வா. நீயும் அந்தப் படகில் வந்தவன்தானா?" என்று கேட்டார்.

பஸ்ரியனின் கத்தி நின்றது.

"அவன் பிளேனில் வந்தவன்," நான் முந்திக்கொண்டேன். "ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து. ஜன்னல் சீட்."

"அப்படியா? எப்படி இருந்தது?" டக் அவனைத்தான் கேட்டார்.

பஸ்ரியன் என்னைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். பிறகு தன்னிடமிருந்த ஆங்கிலத்தில் சொன்னான்.

"சிக்கன் தந்தார்கள். நல்ல சிக்கன்."

டக் சிரித்தார். கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

அது என்னுடைய பிளேன். என்னுடைய ஜன்னல்.

இந்த வருடம் சித்திரை மாதம் ஒருநாள் டக் குசினிக்குள் வந்து, உங்களில் யார் அந்தப் படகில் வந்தது என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். பஸ்ரியன் கழுவி முடித்த தட்டையே மறுபடி மறுபடி கழுவத் தொடங்கினான். நிறுத்தவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

அன்றைக்கு அவனுடைய படகை நான் எடுத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு என் பிளேனை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வரிசையை, பெல்ட்டை, முகிலை, எல்லாவற்றையும்.

கோழியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பறந்தது வெள்ளிக்கிழமை. மச்சம் மாமிசம் தொடாமல் பாணும் பட்டரும் தின்றுகொண்டு வந்தேன். அந்தக் கோழி அவனாகச் சேர்த்தது.

திமிங்கிலம் விட்டவன் நான். ஒரு கோழிக்கு அவனிடம் என்ன விசாரணை? என் பிளேனில் வந்தவன் பசியோடு இறங்கவில்லை. அது போதும்.