காதுக்குள் முதல் ஆல்பம்

எங்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கப்புறம் போட்ட மூன்றும் தேறவில்லை என்று ஊரே சொல்லிவிட்டது. நேற்று அம்பத்தூர் மேடையில் ஒரு புதுப் பாட்டைப் பாடினேன். மூட்டை தூக்கியே என்னைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டுச் செத்துப்போன அப்பாவைப் பற்றிய பாட்டு. இரண்டாவது வரியிலேயே கூட்டம் வேகவேகமாகக் கைதட்ட ஆரம்பித்தது. ஒப்பாரிக்கு எவனாவது இப்படித் தட்டுவானா?

பக்கத்தில் கிட்டார் வாசித்த இம்மானுவேல் குனிந்து சொன்னான்: "அக்கா, எல்லார் காதுலயும் அந்தக் கருவி இருக்கு. நம்ம பழைய பாட்டுக்குத் தட்டுறாங்க."

ஒரு பாடகரின் சிறந்த பாட்டைவிட மட்டமான எதையும் அந்தக் கருவி காதுக்குள் விடாது. பதிலுக்குச் சிறந்ததையே ஒலிக்கவிடும். எது மட்டம் என்பதையும் அதுவே முடிவு செய்துகொள்ளும்.

முன்வரிசையில் அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய் அவள் காதிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"என்னாடி பண்ற? நல்லாத்தான பாடிட்டிருந்த!"

"நீ கேட்டதை நான் பாடவே இல்லம்மா. அப்பாவைப் பாடினேன். கேளு."

மைக் இல்லாமல், அவள் முகத்துக்கு நேரே, முதலிலிருந்து பாடினேன். மூன்றாவது வரியில் அம்மா அழுதுவிட்டாள்.

"போதும்டி. தாங்கல."

என் விரல்களைப் பிரித்து, கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். அவள் முகம் உடனே தெளிந்தது. நான் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தேன்.