பத்தொன்பதாவது நகர்த்தல்

அலுவலகச் சதுரங்கப் போட்டியில் எட்வினோடு ஆடி டிரா செய்துவிட்டு வந்த கோமளாவிடம், ஆட்டத்தைக் குறித்த தாளைக் கேட்டு வாங்கினான் அவள் கணவன் தணிகைவேல். "நீ எங்க கோட்ட விட்டேன்னு பார்ப்போம்." பலகையை விரித்து ஒவ்வொரு நகர்த்தலாக வைத்துப் பார்த்தான். தொடக்கம் அவன் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. ராஜாவின் சிப்பாய், குதிரை, பிறகு மந்திரி. மனசு குளிர்ந்தது. பத்தொன்பதாவதில் விரல் நின்றது. ராணியை இறக்கியிருந்தால் அங்கேயே செக்மேட். அவளோ ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தாள். அதன் பிறகு இன்னும் நாற்பத்திரண்டு நகர்த்தல்கள். பார்க்காமல் விட்டுவிட்டாள் போலும் என்று நினைத்தான். ஆனால், 'முதல்ல எழுது, இன்னொரு தடவை யோசி, அப்புறம் காயைத் தொடு' என்று அவளைப் பழக்கியவனே அவன்தான். ராணியின் நகர்த்தலை அவள் எழுதியிருந்தாள். எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தாள். வீட்டில் அவனோடு ஆடினால் குக்கரின் மூன்றாவது விசிலுக்குள் முடித்துவிட்டு எழுந்துவிடுகிறவள். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்வின் எப்படி ஆடுனான்?"

"நல்லாத்தான் ஆடுனாரு. அவசரமே படமாட்டாரு," என்றாள் அடுப்படியிலிருந்து.

காய்களைப் பத்தொன்பதாவது நகர்த்தலுக்கு முன்பிருந்தபடி அடுக்கினான். பலகையைச் சுற்றி வந்து, எட்வினின் கறுப்புக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"உன் முறைதான். ஆடு."

கோமளா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே ராணியை எடுத்து இறக்கினாள்.

"செக்மேட்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.