புல் தின்னும் வயிறு

"வகுந்து பாருங்க டாக்டரம்மா! கவரு கவரா வந்து விழலைன்னா எம் பேரு ஹேமாவதி இல்ல!"

காப்புக்காட்டுச் சுவரை ஒட்டிய காலிமனையில் செத்துக் கிடந்தது புள்ளிமான். பெண் மான். கால் நாலும் விறைத்து, வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தது.

கால்நடை டாக்டர் ரூக்சார் கையுறையை மாட்டிக்கொண்டாள். வனத்துறை ஆள் தார்ப்பாயை விரித்தார். பீர்க்கன்கரணையின் அந்தக் கடைசித் தெருவே பல்கூடத் துலக்காமல் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

ஹேமாவதி மானைப் பார்க்கவில்லை. அயூப்பை முறைத்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் ஃபாஸ்ட்ஃபுட் வண்டி போடுகிறவன் அயூப். அவன் ஃப்ரைடு ரைஸ் கட்டிக்கொடுக்கிற பிளாஸ்டிக் கவரெல்லாம் மறுநாள் இந்தச் சுவரோரம்தான் கிடக்கும். கேட்டால் அவன் போடவில்லையாம், வாங்கித் தின்றவன் போட்டானாம். என்ன நியாயம் பார்!

வண்டியை எடுக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று. இன்றைக்கு மான் வயிற்றிலிருந்து ஒரே ஒரு கவர் வந்தால் போதும், வண்டி போய்விடும். அது அயூப்புக்கும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஹேமாவதிக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக இந்தத் தெருவில் ஜாக்கெட் தைக்கிறாள், இப்படி ஒரு வருஷத்தை அவள் பார்த்ததில்லை. தை மாசத்தில் பெய்யக்கூடாத மழை பேயாகப் பெய்தது. காட்டில் புல் ஒரேயடியாகக் கிளம்பியது. மாசி பிறந்ததும் சித்திரை வெயில்! கதிர் விடுவதற்குள் அத்தனையும் பொசுங்கிப்போயிற்று. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது உண்ணிச்செடிதான், எந்த மானும் வாய் வைக்காத உண்ணிச்செடி.

வானத்தைக் கெடுத்தவன் எவனோ ஏசியில் நன்றாகத்தான் தூங்குகிறான். வாயில்லாத ஜீவன் தெருவுக்கு வந்து குப்பையை மோந்து பார்க்கிறது. ஏன் என்று கேட்க ஒரு நாதி உண்டா? அவள்தான் கேட்டாள். கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

டாக்டர் கத்தியை இறக்கினாள். புளித்த வாடை குப்பென்று அடித்தது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஹேமாவதி நகரவில்லை.

கவர் இல்லை. கயிறு இல்லை. பால் பாக்கெட்டின் நுனிகூட இல்லை.

டாக்டர் ஒரு கை அள்ளிக் காட்டினாள். வெள்ளையாக, குழகுழவென்று இருந்தது. சோறு.

"இது புல்லு திங்கிற வயிறும்மா. சோறு இவ்வளவு போனா உள்ளயே புளிச்சு ஆசிட் ஆயிடும். மாடே தாங்காது, மான் எங்க தாங்கும்? யாரோ வயிறு முட்டப் போட்டிருக்காங்க."

தெரு மொத்தமும் அயூப் பக்கம் திரும்பியது. சோறு என்றால் வேறு யார்? மிஞ்சியதை அவன்தானே கொட்டுவான்! எதிர்வீட்டு ராஜாராமன் பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தேவிட்டார்.

அயூப் ஹேமாவதியை ஒரே ஒரு தரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

ஹேமாவதி அந்தச் சோற்றைப் பார்த்தாள். ஆனால் அது அவனைத் திட்டியே பழகிப்போன வாய். அவளைக் கேட்காமலே கிளம்பிவிட்டது.

"டேய் அயூப்! இன்னாடா கல்லாட்டம் நிக்கிற? பதில் சொல்லுடா!"

சுவருக்கு அந்தப் பக்கம் சருகு நொறுங்கியது.

சுவர் இடிந்திருந்த சந்தில் ஒரு தலை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஐந்து மான்கள், விலா எலும்பு துருத்திக்கொண்டு. இத்தனை பேர் நிற்பதையோ, கூட வந்தவள் தார்ப்பாயில் கிழிந்து கிடப்பதையோ அவை சட்டை செய்யவில்லை. குரல் வந்த பக்கமாகவே நடந்து வந்து, ஹேமாவதிக்குப் பத்தடி எதிரே நின்று, அவள் கைகளைப் பார்த்தன.

ராஜாராமன் அயூப்பின் சட்டையை விட்டுவிட்டார்.

எச்சில் சோறா போட்டாள்? மாசிக் கடைசியிலிருந்து தினமும் விடிகாலையில் தனியாக உலை வைத்து, குழைய வடித்து, வெல்லம் பிசைந்து, பிளாஸ்டிக் ஆகாதென்று வாழையிலையில் கொட்டி, வாய்விட்டுக் கூப்பிடுவாள். அயூப் ஒருநாள் அதைப் பார்த்திருக்கிறான். நேற்று இது ஒன்றுதான் முதலில் ஓடிவந்தது. ஆறு பங்கையும் இதுவே தின்று தீர்த்தது. பாவம், என்ன பசியோ என்று பக்கத்தில் நின்று பூரித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"அப்ப இதுங்க இன்னாத்தைத்தான் தின்னும்? சொல்லுங்க!" டாக்டரைப் பார்த்துக் கத்தினாள்.

ரூக்சார் பொசுங்கிக் கிடந்த காட்டைப் பார்த்தாள், அப்புறம் ஹேமாவதியைப் பார்த்தாள்.

"தெரியலைம்மா. ஆனா இனிமே உங்களைப் பாத்தாலே அதுங்க ஓடணும். இப்பவே விரட்டுங்க."

ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலடியில் கிடந்த கல்லை எடுக்கக் குனிந்தாள்.

சோறு வைக்கத்தான் குனிகிறாள் என்று ஐந்தும் இன்னும் ரெண்டடி கிட்டே வந்தன.