கைக்கு வரும் புறா

வராதே, கண்ணு, வந்துவிடாதே என்று செலின் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாம்பல் புறா மொட்டைமாடிச் சுவரில் வந்து இறங்கியது. அவள் நுரையீரலைப் புண்ணாக்குவது புறாக்களின் இறகுத்தூசியும் எச்சத்தூசியும்தான் என்று டாக்டர் சொன்னதும், அவள் கணவர் லூர்து எல்லாவற்றையும் திண்டிவனத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். இது மட்டும் மறுபடி மறுபடி திரும்பி வருகிறது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வர வேண்டும் என்று அதைப் பழக்கியவளே அவள்தான்.

"உன் விசிலுக்குத்தான் அது கைக்கு வரும். ஒரே தடவை அடி, செலினு. மீதிய நான் பாத்துக்கறேன்." லூர்துவின் கையில் சாக்குப்பை இருந்தது.

"மறுபடியும் திண்டிவனமாங்க?"

"அங்க விட்டா, நாளைக்குக் காலைல உனக்கு முன்னாடி இங்க காபி குடிக்கும்." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "இனிமே எங்கயும் கொண்டுபோறதா இல்லடி. நீ மூச்சுக்குத் திணறுறத என்னால பாக்க முடியல."

புறா தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. லூர்து காத்திருந்தார். ஒரு விசிலுக்குப் போதுமான மூச்சு செலினிடம் இருந்தது. அதை அவள் சத்தமில்லாமல், மெல்ல வெளியே விட்டாள்.