மூத்த கோர் இல்லாத தரையிறக்கம்

ஒரு கணினியின் பிராசஸருக்குள் கணக்குப் போடும் நாலு கோர்கள் குடியிருந்தன. விமான விளையாட்டை ஓட்டுவது, கடிகாரம் பார்ப்பது, வைரஸ் தேடுவது என்று எல்லா வேலையையும் மூத்த கோரே இழுத்துப் போட்டுக்கொள்ளும். அதனால் தரையிறங்குகிற நேரம் பார்த்துத் திரையில் விமானம் திக்கித் திக்கி நிற்கும்.

"நான் இருக்கும்போதே இந்தத் திக்கல். நான் இல்லேன்னா நொறுங்கியே போயிருக்கும்" என்று பெருமூச்சு விடும் மூத்தது.

"தம்பிங்ககிட்டயும் கொஞ்சம் குடுங்களேண்ணே. உங்க சூட்டுக்கு வீசி வீசி எனக்கு மூச்சு வாங்குது" என்றது பக்கத்திலிருந்த விசிறி.

"அதுங்களுக்கு என்ன தெரியும்?"

ஒருநாள் கணினிக்காரர் செட்டிங்கை மாற்றி, விமானத்தை மற்ற மூன்றிடமும் ஒப்படைத்தார். மூத்ததற்குக் கடிகாரமும் வைரஸும்தான் மிஞ்சின. இறங்கும்போது எப்படியும் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று அது கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் விசிறியிடம் கேட்டது. "விமானம் எங்கப்பா?"

"அது இறங்கி ரொம்ப நேரமாச்சுண்ணே. பூ மாதிரி இறங்குச்சு."

மூத்த கோர் மெல்லக் கேட்டது:

"ஒரு திக்கல்கூடவா இல்ல?"